உறையும் தொகை, மூடும் பட்டியல்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் வீதியை ஒட்டி அமைந்த முஸ்லிம் ஊர் தாராபுரம். கடற்றொழிலும் சிறு வணிகமும் நாட்கூலியும் இவ்வூராருக்குச் சோறு போடுகின்றன. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் ஏனைய முஸ்லிம் ஊர்களோடு இவ்வூரும் வெறுமையாயிற்று. மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் ஓய்ந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். பல குடும்பங்கள் இன்றும் இரண்டு ஊர்களுக்கும் இடையே பிரிந்து வாழ்கின்றன.

இந்நாட்டின் வறுமை ஒழிப்புத் திட்டங்களை எடை போட இவ்வூரைவிடத் தக்க இடம் அரிது. எண்பது வயதைக் கடந்த தாராபுரத்துப் பெரியவர் ஒருவர் கூப்பன் அரிசி, உணவு முத்திரை, ஜனசவிய, அகதிகளுக்கான உலர் உணவு, சமுர்த்தி, அஸ்வெசும எனத் தம் ஒரே ஆயுளில் அரச உதவியின் அத்தனை வடிவங்களையும் கண்டிருப்பார். பெயர்கள் மாறின, ஆட்சிகளும் மாறின. மாறாதது ஒரு பிழை. உதவித் தொகை ஒருநாள் அறிவிக்கப்படும். விலைவாசி ஏற ஏற அத்தொகை அசையாமல் நிற்கும். பயனாளர் பட்டியல் ஒருமுறை எழுதப்படும். அதன்பின் வறுமையில் விழுந்தவனுக்கு அதில் இடமிராது. கொடுக்க மனமில்லாமல் பசியைப் பெருக்கிய அரசுகள் உண்டு. இலங்கை அரசுகளோ பெரும்பாலும் கொடுத்துக்கொண்டே பெருக்கின.

வரலாறு இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, சுதந்திரத்துக்குப் பின்னும் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டையும் எட்டியது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியவுடன் ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அந்தப் பங்கீடு திறைசேரிக்குப் பெருஞ்சுமை என்று பொருளியல் அறிஞர் பலர் குறைகூறியதுண்டு. ஆயினும் வருமானம் குன்றிய ஒரு நாடு நீண்ட ஆயுளையும் குறைந்த சிசு மரணத்தையும் எட்டலாம் என்பதற்கு அமர்த்தியா சென் இலங்கையைச் சான்றாகக் காட்டியபோது, இலவசக் கல்வியோடும் மருத்துவத்தோடும் இந்த அரிசியையும் சேர்த்தே எண்ணினார்.

1978இல் பங்கீடு வறியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மறு ஆண்டு அரிசியின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. ஒரு கொத்து அரிசி எந்த ஆண்டிலும் ஒரு கொத்து அரிசியே. ரூபாய் குறித்த முத்திரைக்கு அந்த உறுதி இல்லை. திறந்த பொருளாதாரத்தின் விலையேற்றத்தில் சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் வாங்கும் வலு பாதியளவுக்குத் தேய்ந்தது. புதிதாகப் பதிவோருக்குப் பட்டியலும் அடைக்கப்பட்டது. மிக வறியவர்களின் தட்டில் உணவு குறைந்ததை அக்கால ஆய்வுகள் பதிந்து வைத்துள்ளன. இதற்காக நாடு வீதிக்கு இறங்கவில்லை. 1953இல் விலை ஒரே நாளில் ஏறியது, மக்கள் கண்டனர். இம்முறை உதவி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்தது. பசித்தவன் தன் வீட்டுப் பானையில் மட்டும் அதைக் கண்டான்.

புத்தளத்து முகாம்களில் இதே கதை இன்னும் கொடிதாக நிகழ்ந்தது. ஐவர் கொண்ட அகதிக் குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலர் உணவு என்று கணக்கிடப்பட்டது. அரிசி, மா, பருப்பு, சீனி அனைத்தின் விலையும் ஏறியபின்னும் அந்த எண் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. படகையும் வலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த மக்களுக்கு அரசு அளித்த ஆதாரம், அவர்கள் கண்முன்னே ஆண்டுதோறும் சிறுத்தது. பெண்கள் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்குச் சென்று அந்த இடைவெளியை நிரப்பினர். அந்த உழைப்புக்கு எந்த அரச ஏட்டிலும் பதிவில்லை.

2022 ஏப்ரலில் நாடு கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே அறிவிப்பில் உயர்ந்தது. மன்னார்க் கரையின் சிறு கண்ணாடியிழைப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசுக்கு மீன் அகப்படுமா என்ற கணக்கில் படகுகள் கரையிலேயே கிடந்தன. நாட்டின் வறுமை வீதம் ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காகி, நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் விழுந்தார் என்று உலக வங்கி கணித்தது.

இந்த இடிபாட்டின் மேல்தான் 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தபின் உயிர்பெற்றது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டன. சமுர்த்தியின் பட்டியலை அரசியல்வாதிகளின் செல்வாக்கு எழுதியது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு; வறியவர்களிலும் வறியவரான ஐந்தில் ஒரு பங்கினருள் ஏறத்தாழ 40 சதவீதத்தினரை அத்திட்டம் தொடவேயில்லை என்று உலக வங்கி ஆய்வொன்று காட்டியிருந்தது. ஆதலால் அளவுகோலொன்றை நாடியது பிழையன்று. பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்வதும் நன்று. எனினும் முதற்பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அத்தனை பேர் தம்மை வறியவர் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னும் அளவுகோலையே நம்பிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

அந்த அளவுகோல் தாராபுரத்து வீடொன்றை எவ்வாறு அளக்கும்? மீள்குடியேறியோருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட கல்வீடு, வீட்டு நிலை என்ற பகுதியில் வசதியாகத் தெரியும். நெடுங்கால அகதி வாழ்வுக்கு ஈடாகக் கிடைத்த சுவர் அது என்பது எந்தச் சுட்டியிலும் வராது. முற்றத்தில் நிற்கும் படகும் இயந்திரமும் சொத்தாகத் தோன்றும். சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணத்தில் அவை கட்டுண்டிருப்பதும், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டியிருப்பதும் படிவத்தில் எழுத இடமில்லை. கணக்கெடுப்பாளர் வந்த வாரம் மீன் பட்ட வாரமாயின் அக்குடும்பம் வறியதன்று. அடுத்த மாதம் காற்று மாறிக் கடல் கொந்தளித்தால், அல்லது எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்றால், அதே குடும்பம் கடையில் கடனுக்கு அரிசி வாங்கும். மீனவரின் வறுமை பருவத்தோடு வந்து போவது. ஒருமுறை எடுத்த கணக்கில் அது சிக்காது. கணவன் புத்தளத்திலும் மனைவி தாராபுரத்திலும் இருக்கும் குடும்பத்தை எந்தக் கிராம அலுவலர் தம் பிரிவில் சேர்ப்பார்? இரு பட்டியலிலும் இடம்பெற்று இரட்டைப் பயன் பெறுவார்களோ என்ற அச்சம் அதிகாரிகளிடம் மிகுதி. இரண்டிலுமே விடுபடுவார்களோ என்ற கவலையும் அதே அளவில் இருந்தாக வேண்டும்.

தொகையைப் பார்ப்போம். தொடக்கத்தில் நிலைமாறு நிலையினருக்கு 2,500, நலிவடையக்கூடியோருக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000 ரூபாய். 2025இல் இறுதி இரண்டும் முறையே 10,000, 17,500 ஆக உயர்ந்தன, அதை வரவேற்கிறோம். ஆனால் அரசின் சொந்த வறுமைக் கோடே ஓர் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. மேற்சொன்ன தொகைகளோ முழுக் குடும்பத்துக்கு உரியவை. உயர்த்துவதா, உயர்த்தினால் எப்போது என்பதும் வர்த்தமானி அறிவித்தலுக்கே விடப்பட்டுள்ளது. மண்ணெண்ணெய் விலையை உலகச் சந்தையோடு பிணைக்கத் தெரிந்த அரசு, வறியவனின் பணத்தை நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு பிணைக்கத் தயங்குவதற்கு எக்காரணமும் பொருந்தாது.

கடலுக்கு அப்பால் வேறொரு வழி நடைமுறையில் உள்ளது. 1997இல் இந்திய நடுவணரசு நியாயவிலைப் பங்கீட்டை வறுமைக் கோட்டின் கீழுள்ளோரை இலக்காகக் கொண்டு மாற்றியபோது தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. எவரும் அரிசி வாங்கலாம் என்ற முறையையே காத்தது. 2011 முதல் அந்த அரிசி இலவசம். இராமேசுவரத்து மீனவர் தாம் ஏழை என்று எவரிடமும் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியதில்லை. வசதியுள்ள சிலர் வாங்குவதால் ஏற்படும் செலவைவிட, பசித்த ஒருவர் விடுபடுவது பெரிய இழப்பு என்ற துணிபு அதிலுள்ளது. நமக்கும் அத்துணிபே சரியெனப் படுகிறது. எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய திட்டமும் கருதத்தக்கது: உணவுத் தட்டுப்பாடு நிலவும் மாதங்களில் ஆண்டுதோறும் பொதுப்பணிக்கு ஊதியம், உழைக்க இயலாதோருக்கு வேலையின்றியே உதவி. நம்மினும் வறிய ஒரு நாடு பசிக்குப் பருவம் உண்டு என்பதை உணர்ந்து சட்டகம் வகுத்திருக்கிறது.

தாராபுரத்தில் ஈகை இல்லாமலில்லை. ஸகாத் இம்மக்களின் மார்க்கக் கடமை; ஸதகா அவர்கள் விரும்பிச் செய்யும் தருமம். அகதி வாழ்வின் முதல் நாட்களில் புத்தளத்து மக்களும் பள்ளிவாசல்களும் காட்டிய பரிவு மறக்கவொண்ணாதது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே புயலில், ஒரே விலையேற்றத்தில் அடிபடும்போது, கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒருசேர வெறுமையாகின்றன. அரசு என்ற ஒன்று தேவைப்படுவது அந்த நாளுக்காகவே.

சர்வதேச நாணய நிதியத்தோடு 2023இல் செய்த உடன்பாடு, சமூகப் பாதுகாப்புக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.6 சதவீதமேனும் செலவிட வேண்டுமென ஓர் அடிமட்டம் வகுத்தது. இதற்குக் கீழே போகாதே என்று வெளியார் சொன்ன எல்லையை நம் நிதியமைச்சர்கள் எட்டவேண்டிய இலக்காகக் கொள்ளலாகாது.

நாம் கேட்பவை இவை. நன்மைத் தொகை ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணுக்கேற்பத் தானே உயர வேண்டும். அமைச்சரின் அறிவித்தலுக்குக் காத்திருக்கலாகாது. பிரதேச செயலகத்தில் ஆண்டின் எந்நாளிலும் புதிதாகப் பதிய வழி இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு உரிய காலத்துள் எழுத்தில் விடை தரப்பட வேண்டும். கடலுக்குப் போகவியலாத மாதங்களில் பதிவுபெற்ற மீனவக் குடும்பங்களுக்குத் தனிக் கொடுப்பனவு வேண்டும். முதியோர் கொடுப்பனவு வயதை மட்டுமே பார்த்து வழங்கப்பட வேண்டும். வடக்கின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, அவர்கள் முஸ்லிம்களாயினும் தமிழர்களாயினும், வீட்டுச் சுவரைக் கொண்டு மதிப்பெண் இடுவதைக் கைவிட வேண்டும். இவற்றுள் முதலாவதை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தமாகச் சேர்த்தல் போதும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதம் தொடங்கும் முன்னரே, வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்கள் கட்சி கடந்து அத்திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்மொழிய வேண்டும்.