உப்புக்காற்றில் ஒரு எஸ்.எல்.ஆர்.

தூத்துக்குடியில் இரும்பு வாங்கியவன் அன்றைக்கே துருவோடு மல்லுக்கட்டத் தொடங்க வேண்டும். முத்தையாபுரம் உப்பளங்களின் மோட்டார், திரேஸ்புரத்து வள்ளங்களின் நங்கூரச் சங்கிலி, பீச் ரோட்டு வீடுகளின் ஜன்னல் கம்பி எதுவும் இதிலிருந்து தப்பாது. கொண்டல் அடிக்கிற மாதங்களில் காற்றை நக்கினாலே கரிக்கும். அந்த ஈரத்தில் இருக்கிற உப்பு இரும்பின் மேல் படிந்து, இன்னும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துவிடும். துறைமுகத்தில் காவல் நிற்கிற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் ஆயுதங்களுக்கும், கடலோரக் காவல் படகுகளில் போகிறவர்களின் ஆயுதங்களுக்கும் இதே காற்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு பையன் போலீஸில் சேர்ந்து மணிமுத்தாறு பட்டாலியனில் இருக்கிறான். லீவில் வந்தவன் நேராக என்னிடம் வந்தான். நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன் என்பது தெருவுக்கே தெரியும். "பெரியப்பா, கைல எஸ்.எல்.ஆர். குடுத்திருக்காவ. பாடமெல்லாம் நடத்துனாவ, எழுதியும் வச்சிருக்கேன். ஆனா தனியா உக்காந்து கழட்டுனா ஒண்ணும் ஓட மாட்டேங்கி" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த ஊரில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் போலீஸ்காரர்கள் மட்டுமல்ல.

அவன் பயிற்சியில் முதலில் தொட்டது .303 ரைபிள். அதில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். வெற்றுத் தோட்டாவை வெளியே எறிவதும் புதுத் தோட்டாவை உள்ளே ஏற்றுவதும் சுடுகிறவனின் வலது கையின் வேலை. 1962இல் சீன எல்லையில் நம் ஜவான்கள் பிடித்து நின்றது அந்த .303தான். அந்தப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். செய்யத் தொடங்கினார்கள். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டுதான் போகும். ஆனால் அடுத்த குண்டு அதற்குள் தயாராக இருக்கும். குண்டைத் தள்ளிக்கொண்டு போகிற வாயுவில் ஒரு பங்கு, பீப்பாயில் இருக்கிற சின்னத் துளை வழியாக மேலே ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னால் அடிக்கும். .303இல் கை செய்த வேலையை இதில் அந்த வாயு செய்கிறது.

பராமரிப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. தானாக வேலை செய்கிற துப்பாக்கி தன் புகையைத் தானே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கரி பீப்பாயில் மட்டும் படிவதில்லை. பிஸ்டன் தலையிலும், முன்னால் அடைப்பாக இருக்கிற கேஸ் பிளக்கிலும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கிற பிரீச் பிளாக்கின் முகத்திலும் படிகிறது. .303க்குப் பழகியவன் பீப்பாயைத் துடைத்துவிட்டு எழுந்துவிடுவான். எஸ்.எல்.ஆர். அவனை அப்படி எழுந்து போக விடாது.

ஆனால் துடைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அதில்தான் நான் பையனை வெகுநேரம் பிடித்து வைத்தேன். முதலில் மேகஸினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் காக்கிங் ஹேண்டிலை இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், கை விட்டதும் மேகஸினில் இருந்து அடுத்தது ஏறிக்கொள்ளும். கீழே கிடக்கிற தோட்டாவைப் பார்த்து, காலி என்று நம்பி, அதற்குப் பிறகு மேகஸினைக் கழற்றுகிறவன் கையில் இருப்பது சுடத் தயாராக இருக்கிற ஆயுதம். துப்பாக்கி துடைக்கும்போது வெடித்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அவற்றில் பல இப்படித்தான் நடக்கின்றன. இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காருகிற சேம்பருக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிகிறவரை குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். கோத்தில், அதாவது ஆயுத அறையில், இருந்து வாங்கும்போதும் செய்ய வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போதும் செய்ய வேண்டும், பக்கத்தில் நிற்கிற நண்பன் இப்போதுதான் பார்த்தேன் என்று நீட்டினாலும் செய்ய வேண்டும். "அவன் கோவிச்சுக்கிட மாட்டானா பெரியப்பா?" என்று கேட்டான். வேலை தெரிந்தவன் கோபப்பட மாட்டான், கோபப்படுகிறவனிடம் துப்பாக்கி வாங்காதே என்றேன்.

கழற்றுவது கஷ்டமில்லை. பின்னால் இருக்கிற நெம்பியைத் தள்ளினால் பட் கீழே மடங்கும். ஸ்லைடின் வாலைப் பிடித்து இழுத்தால் பிரீச் பிளாக்கோடு வந்துவிடும். மேல்மூடி பின்னால் வழுக்கி வரும். முன்னால் கேஸ் பிளக்கை அழுத்தித் திருப்பும்போது மட்டும் கட்டைவிரலை எடுத்துவிடக் கூடாது. பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பாய்ந்துவிடும். பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தாண்டி விசைப் பகுதிக்குள் கை வைக்கக் கூடாது. அது ஆயுதங்களைப் பழுது பார்க்கிற ஆர்மரர் வேலை.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற ஒரு தப்பு, எல்லா இடத்திலும் எண்ணெய் ஊற்றுவது. கடல் ஊர்க்காரப் பையன்களுக்கு இந்த ஆசை இன்னும் கூடுதல். இரும்பு என்றால் எண்ணெய் என்று வீட்டிலேயே பழகிவிட்டது. பிஸ்டன், அது ஓடுகிற சிலிண்டர், கேஸ் பிளக் இந்த மூன்றும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் சூட்டில் வெந்து கட்டிக் கரியாகிவிடும். பிஸ்டன் தயங்கும், வெற்றுத் தோட்டா வெளியே விழாமல் சிக்கிக்கொள்ளும். ஸ்லைடு வழுக்கி ஓடுகிற தடங்களுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். அதுவும் படையில் கொடுக்கிற துப்பாக்கி எண்ணெய்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மார்கழியில் பாட்டிலில் அது உறைவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மரப் பகுதிக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெயைக் கையில் தேய்த்துத் தடவினால் மழை ஈரம் ஏறாது.

பீப்பாய்க்குப் புல்த்ரூ. ஒரு முனையில் பித்தளைக் குண்டும் மறுமுனையில் துணி கோக்கிற கண்ணியும் உள்ள கயிறு. சேம்பர் பக்கமிருந்து இறக்கி வாய்ப் பக்கமாக இழுக்க வேண்டும், திருப்பிச் செய்யக் கூடாது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த வாய் விளிம்பு. அங்கே கயிறு ஒரே பக்கமாக உரசித் தேய்த்தால் குறி தவறும். நேராக, நடுவில் நிறுத்தாமல், ஒரே இழுப்பு. துணி வெள்ளையாகத் திரும்பி வருகிறவரை. சுட்ட அன்றைக்குத் துடைத்தால் போதாது. அடுத்த சில நாட்களும் பீப்பாய் உள்ளிருந்து கரியை விட்டுக்கொண்டே இருக்கும், தினமும் இழுக்க வேண்டும். வைக்கும்போது உள்ளே எண்ணெய்ப் பூச்சு இருக்கட்டும். சுடப் போகும்முன் அதை உலரத் துடைத்துவிட வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பழைய .303 தோட்டாக்களின் அடியில் இருக்கிற சின்ன மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்த பிறகு பீப்பாய்க்குள் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் அளத்தில் விளைகிற உப்புக்கு உடன்பிறந்தது. எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றினார்கள். சூட்டில் இரும்பு தானே காய்ந்துவிடும், அதன் மேல் எண்ணெய். அந்தச் சிப்பாய்க்குத் துப்பாக்கிக்கு உள்ளேயே ஒரு உப்பளம் இருந்தது. இந்த ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது வெளியே காற்றில் இருக்கிறது. வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். கடல்தண்ணீர் பட்ட துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்தால், உப்பை எண்ணெய்க்கு அடியில் வைத்துப் பூட்டுகிறோம் என்று அர்த்தம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு முழுக்கக் காயவைக்க வேண்டும், அப்புறம்தான் எண்ணெய். கரைக்கு வந்ததும் பைபர் படகின் என்ஜினுக்கு நல்ல தண்ணீர் விடுகிற நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மேகஸினை மறந்துவிடுவார்கள். எஸ்.எல்.ஆரில் இருபது ரவுண்டு பிடிக்கும். துப்பாக்கி சிக்குகிறது என்று வருகிற புகார்களில் நிறைய மேகஸினிலேயே முடிந்துவிடும். வாய் நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே மணல் இருக்கும். திறந்து துடைத்து உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கேஸ் ரெகுலேட்டரைப் பற்றிப் பையன் மிகவும் பயந்து கேட்டான். வாயு எவ்வளவு பிஸ்டனுக்குப் போகிறது என்பதைக் கூட்டிக் குறைக்கிற வளையம் அது, அவ்வளவுதான். அழுக்கேறி இயக்கம் மந்தமானால் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். ஆனால் துடைக்க வேண்டிய துப்பாக்கியை ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது, காய்ச்சல்காரனை ஓடவிடுவது மாதிரி.

சாதாரண ஆளுக்கு இந்த நாட்டில் இந்த வகை ரைபிளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. தடை செய்யப்பட்ட வகையில்தான் இது வருகிறது, அப்படி இருப்பதே சரி என்பது என் எண்ணம். தோட்டத்துக்கும் வங்கிக் காவலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தேர்தல் அறிவித்ததும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைக்கும்முன் உள்ளும் புறமும் கிரீஸ் தடவிக் கொடுங்கள், தோல் உறையோடு கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கே திருப்பிக் கொடுக்கும். வாங்கி வந்ததும் பீப்பாய்க்குள் விளக்கடித்துப் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடைபட்ட பீப்பாய் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும்.

மறுபடி எஸ்.எல்.ஆருக்கு வருகிறேன். அதன் பூர்வீகம் பெல்ஜியத்து ஹெர்ஸ்டால் என்ற ஊர். அங்கே இருக்கிற எஃப்.என். ஆலையில் டியூடோனே சைவ் என்பவர் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிள்தான் நம் எஸ்.எல்.ஆருக்கு மூலம். சைவ் அதே ஆலையில் ஜான் பிரவுனிங்கின் கீழ் வேலை பழகியவர். 1911 ஜூன் 17 அன்று நம் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்துப் பிரவுனிங் பிஸ்டல். அதுவும் தானே தோட்டா ஏற்றிக்கொள்கிற ஆயுதம். ஒரே ஆலையின் வம்சத்தில் வந்த இன்னொரு ஆயுதம் நூறு வருஷம் கழித்து இந்த மண்ணில் மறுபடியும் நினைவில் பதிந்தது. இந்த முறை அது அரசாங்கத்தின் கையில் இருந்தது.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாக நடந்த சூட்டில் 13 பேர் செத்தார்கள். சுட்ட ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான தூண்டுதல் எதுவும் மக்கள் பக்கம் இல்லை என்று அது சொன்னது, போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

பல வருஷம் இந்த ரைபிளைக் கழற்றித் துடைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. இதன் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கும் மேல் போகிறது. போர்க்களத்தில் தூரத்தில் மறைந்திருக்கிற ஆயுதம் ஏந்திய எதிரிக்காகச் செய்தது. கிட்டத்தில் ஒரு மனிதன் உடம்பில் அது நின்றுவிடாது, ஊடுருவிப் பின்னால் இருப்பவரையும் எடுக்கும். கூட்டத்துக்கு முன்னால் இதை வைத்துக்கொண்டு காலைப் பார்த்துச் சுட்டேன், எச்சரிக்கைக்குச் சுட்டேன் என்பதெல்லாம் இந்த ஆயுதத்தைத் தெரியாத பேச்சு. கூட்டத்தைக் கலைக்கிற பணிக்கு எஸ்.எல்.ஆர். கோத்தை விட்டு வெளியே வரக்கூடாது. இதை எழுத்தில் உத்தரவாகப் போட வேண்டும். அந்த 13 பேரைப் பலிகொண்ட சூடு நடந்த ஊரில் இதைக் கேட்பது அதிகமில்லை.

பையனிடமும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம், துப்பாக்கிப் பாகங்களுக்குப் பதிலாகத் துணியில் அடுக்கியிருந்த நட்டு போல்ட்டை வைத்துக் கழற்றுகிற வரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மேல இருந்து எடுக்கச் சொன்னா நான் என்ன பண்ண பெரியப்பா?" என்று கேட்டான்.

"யாரு சொன்னாவ, எத்தனை மணிக்குச் சொன்னாவ, எத்தனை ரவுண்டு வாங்குன, எல்லாத்தையும் கோத் ரிஜிஸ்டர்ல எழுதிட்டு எடு. திரும்பி வந்ததும் மிச்சம் எத்தனைன்னு உன் முன்னாலயே எண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போடு மக்கா" என்றேன்.