அரிசி டப்பா லென்ஸைக் காக்காது

அரிசி போட்ட டப்பாவில் கேமரா லென்ஸை வைத்தால் பூஞ்சை வராது என்று வாதிடுகிறார் நண்பர். வரும். சமையலறை அரிசியிலேயே ஈரம் இருக்கிறது. அதன் மாவுத்தூசி ஃபோகஸ் வளையத்தின் இடுக்கில் போய் உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 60ஐத் தாண்டி நீடித்தாலே பூஞ்சை பிடிக்கும். சிலந்தி நூல் போலக் கண்ணாடியில் படரும். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டால், எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது நியாயம்தான். அதற்கு மாற்று அரிசி அல்ல: ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. அளவு 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள்.