அறக்கட்டளையா, ஆட்சிக்குக் கட்டளையா?

அறக்கட்டளை! எவ்வளவு அழகான சொல்! வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவனும், ஊருக்குச் சத்திரம் கட்டியவனும், ஏழை மாணவனுக்குச் சோறு போட்டவனும் சேர்த்து வைத்த மதிப்பைத் தலையில் சுமந்து வந்த சொல். இன்று அந்தச் சொல்லின் நிழலுக்கு வேறு சிலர் வந்து ஒதுங்குகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி வந்தவர்கள் அல்லர் அவர்கள். வெளிச்சத்துக்கு அஞ்சி வந்தவர்கள். கோடிகளைக் குவித்தோர், குவித்த கோடியை ஆட்சி பீடத்தின் அடிவாரம்வரை ஓசையின்றிக் கொண்டு சேர்க்க வழி தேடுவோர். அறம் என்ற பாதியை வாசலில் எழுதிவிட்டு, கட்டளை என்ற பாதியை உள்ளே வைத்துக்கொள்வோர்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துத் தோழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னே கடல் புரண்ட நிலம் உங்களுடையது. சிப்பியும் சங்கும் கல்லாய்ச் சமைந்து சுண்ணாம்புப் பாறையாய்க் கிடக்கும் நிலம். அந்தப் பாறையைத் தேடி வந்தவர்கள்தாம் எத்தனை பேர்! ரெட்டிப்பாளையத்தில் பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக், ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ், அரியலூரிலும், திருச்சி போகும் வழியிலுள்ள கல்லக்குடியிலும் தால்மியா. இவர்களுக்கு நடுவே அரசுச் சிமெண்ட் ஆலை ஒன்று. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர் ஆலை. சுரங்கம் தோண்டிய பள்ளம் நம் ஊரில். லாரி கிளப்பும் புழுதி நம் வீட்டுக் கூரையில். லாபம் மட்டும் எந்த ஊருக்குப் போகிறது, போன ஊரில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

"ஏன் ஐயா, ஆலைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறார்களே, ஏரியைத் தூர்வாருகிறார்களே" என்பீர்கள். தரட்டும், தூர்வாரட்டும். அது தயவு அல்ல, சட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கட்சிக்குக் கொடுத்த பணத்தை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது என்கிறது விதி. அது ஊர் பார்க்கும் அறம். நாம் பேச வந்தது ஊர் பாராத அறத்தைப் பற்றி.

1953 ஜூலை 15ஆம் நாளை நேரில் கண்டவர் இன்று மிகச் சிலரே. கேட்டு வளர்ந்தவர் பலர். கல்லக்குடித் தொடர்வண்டி நிலையத்தின் பலகையில் 'டால்மியாபுரம்' என்றிருந்தது. வடநாட்டு ஆலை முதலாளியின் பெயர் எங்கள் மண்ணுக்கு ஏன் என்று கேட்டு, கருணாநிதி தலைமையில் போனவர்கள் அந்தப் பெயரை மறைத்து ஊரின் பெயரை ஒட்டினார்கள், தண்டவாளத்தில் படுத்தார்கள். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தில் ஒரு வசதி இருந்ததைக் கவனியுங்கள். பெயர் பலகையில் எழுதியிருந்தது! எதை எதிர்க்கிறோம் என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது.

65 ஆண்டு உருண்டது. 2018 ஜனவரியில் டெல்லி அரசு, பெயரே எழுதாத பலகை ஒன்றைச் செய்து முதலாளிமார் கையில் கொடுத்தது. அதுதான் தேர்தல் பத்திரம். பாரத ஸ்டேட் வங்கியில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கலாம். விரும்பிய கட்சியிடம் நீட்டலாம். கட்சி 15 நாளுக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ளலாம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை! அதற்கு முன்னோட்டமாக 2017இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரை பங்குக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பு அன்று தூக்கி எறியப்பட்டது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் நன்கொடை தரலாம் என்றாயிற்று. கூலி உயர்வு கேட்டால் "ஆலை நட்டத்தில் ஓடுகிறது" என்று கைவிரிக்கும் அதே நிர்வாகம், கட்சிக்குக் கோடி கொடுக்கலாம். என்னே விந்தை!

2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கூடி, இது அரசமைப்புக்கு முரண் என்று அந்தத் திட்டத்தை அடித்து வீழ்த்தினார்கள். ஏழரைப் பங்கு வரம்பை நீக்கியதும் செல்லாது என்றார்கள். மார்ச் 14இல் பட்டியல் வெளிவந்தது. முதலிடத்தில், கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்! நம் வட்டாரத்துப் பெயர்களும் பட்டியலில் இருந்தன. அல்ட்ராடெக் 35 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. இந்தியா சிமெண்ட்ஸ் தி.மு.கழகத்துக்கு 14 கோடி தந்திருந்தது. (அந்த இந்தியா சிமெண்ட்ஸையே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வாங்கிவிட்டது. மீன் மீனை விழுங்கும் கதை. அது தனிக் கட்டுரைக்குரியது.) தன் ஆலை அரசியலில் எவ்வளவு முதல் போட்டிருக்கிறது என்பதைத் தொழிலாளி அன்றுதான் முதன்முறை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

எதிர்த்தரப்பின் மேல் மட்டும் கல்லெறிந்துவிட்டுப் போக நாம் வரவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து பா.ஜ.க. பெற்றது ஏறத்தாழ 6,060 கோடி. பெரும்பங்கு அங்கேதான். தி.மு.க. பெற்றது 656.5 கோடி, அதில் 509 கோடி லாட்டரிக்காரரிடமிருந்து. அ.தி.மு.க. பெற்றது 6.05 கோடி. கொடுத்தவர் பெயரைத் தி.மு.க. தானே தேர்தல் ஆணையத்திடம் தந்தது, நன்று. ஆனால் பெயரைச் சொன்னதால் பணத்தின் எடை குறைந்துவிடாது. ஒரு பைசாவும் தொடமாட்டோம் என்று சொல்லி, வழக்கும் தொடுத்து, வெற்றியும் கண்டது மார்க்சிஸ்ட் கட்சி. மாற்றாரிடம் இருந்தாலும் மல்லிகை மணக்கத்தானே செய்யும்!

பத்திரம் மாண்டது. பணம் மாண்டதா? அம்மட்டோ! அது பழைய வாசலைத் தட்டியது. 2013இல் வகுத்த தேர்தல் அறக்கட்டளைத் திட்டம் என்ற வாசல் அது. கம்பெனிகள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும். அறக்கட்டளை தன் வருவாயில் நூற்றுக்கு 95 பங்கை அந்த ஆண்டுக்குள்ளேயே கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த கம்பெனிக்கு அந்தத் தொகைக்கு வரி கிடையாது. தரும காரியம் அல்லவா!

பெயர்களைக் கேளுங்கள், சிரிப்பு வரும். வேதாந்தா குழுமத்தின் அறக்கட்டளைக்கு 'ஜன்ஹித்'. மக்கள் நலம் என்று பொருள். தூத்துக்குடியைக் கேட்டால் அந்த நலத்தின் விளக்கம் கிடைக்கும். டாடா குழுமத்தினுடையது 'புரோக்ரெசிவ்', அதாவது முற்போக்கு! பார்தி குழுமம் 2013இல் தொடங்கியதற்கு 'சத்யா' என்று பெயர், உண்மை. 2017இல் அதை 'புரூடன்ட்' என்று மாற்றினார்கள், விவேகம். உண்மை போய் விவேகம் வந்தது!

2024-25ஆம் ஆண்டில் அந்த விவேகம் திரட்டியது ஏறத்தாழ 2,668 கோடி, பா.ஜ.க.வுக்குப் போனது ஏறத்தாழ 2,180 கோடி. டாடாவின் முற்போக்கு கொடுத்தது ஏறத்தாழ 915 கோடி. அதில் 757 கோடிக்கு மேல் அதே கட்சிக்கு. ஆளுங்கட்சியின் வாசலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கொட்டிவிட்டு, எஞ்சியதை மற்றவர்க்கெல்லாம் தெளிக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை, வந்தவர்க்கெல்லாம் வெற்றிலை பாக்கு!

பத்திரத்தைவிட இது மேல் என்பதை மறுக்கவில்லை. கொடுத்தவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் தேர்தல் ஆணையத்துக்குப் போகின்றன. ஆனால் பத்து வாய்க்கால் வந்து விழும் ஏரியில், எந்த வாய்க்கால் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? பல குழுமங்களின் பணம் ஒன்றாய்க் கலந்த அறக்கட்டளையில் இவர் பணம் இவருக்குத்தான் போயிற்று என்று காட்ட முடியாது. காட்ட முடியாமலிருப்பதில்தான் வசதி இருக்கிறது.

இந்த ஆபத்து புதிதுமல்ல. 1957இல் டாடா இரும்பு ஆலை, கட்சிகளுக்கு நன்கொடை தரும் அதிகாரத்தைத் தன் விதிமுறையில் சேர்க்க விரும்பிப் பம்பாய் உயர்நீதிமன்றம் போயிற்று. தலைமை நீதிபதி சாக்ளா அனுமதி தந்தார். தந்த கையோடு, இது மக்களாட்சியின் கழுத்தை நெரிக்கக்கூடியது, நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் எச்சரித்தார். 1969இல் கம்பெனி நன்கொடையையே இந்திரா அரசு தடை செய்தது. 1985இல் தடை நீங்கியது. இடைப்பட்ட 16 ஆண்டிலும் பணம் ஓடாமலா இருந்தது? ஓடியது, இருட்டில். ஆகவே "தடை செய்" என்று மட்டும் கூவிவிட்டு வீட்டுக்குப் போவது போதாது.

கட்சிக்குத் தருவதாவது கணக்கில் எங்கோ நிற்கிறது. கருத்துக்குத் தருவது? 1956இல் பம்பாயில், டாடா நிறுவனத்தோடு தொடர்புடைய ஏ.டி.ஷ்ராப், சுதந்திரத் தொழில் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அது கட்சி அல்ல. தேர்தலில் நிற்காது. தொழிலை அரசு எடுக்கக்கூடாது, திட்டமிடல் தீது என்று துண்டு நூல் போடும், சொற்பொழிவு வைக்கும். மூன்றே ஆண்டு! 1959 ஜூனில் சென்னையில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்தபோது, அந்தக் கருத்துக்கெல்லாம் ஒரு கொடி கிடைத்தது. முதலில் கருத்து விதை, பிறகு கட்சிப் பயிர். (அந்தக் கட்சியோடு 1967இல் கழகம் உடன்பாடு கண்டதும் வரலாறு, மறைப்பதற்கில்லை.) ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். 1961இல் ஜே.ஆர்.டி.டாடா, காங்கிரசுக்கும் தருவோம், சுதந்திராவுக்கும் தருவோம் என்று பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், முகத்துக்கு நேரே சொன்னார்.

நம் கல்லக்குடிக்கே பெயர் போட்ட குடும்பத்தைப் பாருங்கள். மதுராவில் கிருஷ்ணர் பிறந்த இடம் என்ற நிலத்துக்காக 1951இல் ஜுகல் கிஷோர் பிர்லா அறக்கட்டளை அமைத்தார். அங்கே கோயில் எழுப்புவதில் தால்மியா குடும்பம் முன்னின்றது. கோயில் கட்டுவது அவர்கள் உரிமை. பக்தியை நாம் குறுக்கே நின்று தடுக்கவில்லை. ஆனால் அதே குடும்பத்து ஜெய்தயாள் தால்மியாவின் மகன் விஷ்ணு ஹரி தால்மியா, விசுவ இந்து பரிஷத்தின் தலைவரானார், பாபர் மசூதி இடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் வரிசையில் நின்றார், 2019இல் மறைந்தார். பக்தியும் சொத்தும் அரசியலும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? அந்த வீட்டுக் கணக்கைக் கேட்கும் உரிமை சுண்ணாம்புக்கல் உடைத்தவனுக்கு இல்லை.

அமெரிக்காவில் இது ஆலமரமாய் வளர்ந்துவிட்டது. எண்ணெய்ப் பணக்காரர் கோச், 1977இல் கேட்டோ என்ற ஆய்வு மன்றத்தை நிறுவ உதவினார். எதிர்முகாமில் சோரோசின் அறக்கட்டளை. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். வலமோ இடமோ, பேசுவது பணப்பைதான்.

பெரம்பலூர்த் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: "எங்கள் தொகுதியில் பணக்காரரே நேரில் வந்து நின்றாரே!" நின்றார். எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனங்களை உருவாக்கிய பாரிவேந்தர் 2010இல் இந்திய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 2014இல் பா.ஜ.க. அணியில் பெரம்பலூரில் நின்று தோற்றார். 2019இல் உதயசூரியனில் நின்று நான்கு லட்சம் வாக்குக்கு மேல் முந்தி வென்றார். 2024இல் மீண்டும் பா.ஜ.க. அணிக்குப் போய்த் தோற்றார். அவருடைய அணி மாற்றம் நமக்கு உவப்பானதல்ல. ஆனாலும் வெயிலில் நின்று வாக்குக் கேட்டார். சரி என்றபோது அனுப்பினீர்கள், வேண்டாம் என்றபோது நிறுத்தினீர்கள். அறக்கட்டளைக்குள் உட்கார்ந்து கோடி கொடுப்பவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பீர்கள்?

இனித் தொழிலாளியின் பக்கம் வாருங்கள். உங்கள் சங்கம் அரசியலுக்கு ஒரு ரூபாய் செலவிட வேண்டுமானால் என்ன விதி தெரியுமா? 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சொன்னது: அரசியலுக்குத் தனி நிதி வேண்டும், அதற்குத் தனிச் சந்தா வசூலிக்க வேண்டும், விரும்பாத உறுப்பினரைக் கொடு என்று கட்டாயப்படுத்தக்கூடாது, கொடுக்காதவனுக்குச் சங்கத்தின் சலுகையைக் குறைக்கவும் கூடாது. 2025 நவம்பரில் வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் அந்தத் தளை கழலவில்லை. நல்ல விதிதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்கு? இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போட்டால் போதும். பங்கு வைத்திருக்கும் ஆசிரியரையோ, ஓய்வூதியக்காரரையோ கேட்க வேண்டியதில்லை. வேலை செய்பவனைக் கேட்கும் பேச்சே இல்லை. அரியலூர் அரசுச் சிமெண்ட் ஆலைக்கோ ஒரு காசும் கொடுக்க உரிமையில்லை. அரசு நிறுவனம் கட்சிக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. பொதுச்சொத்துக்குப் பூட்டு; சங்கத்துக்குச் சங்கிலி; முதலாளிக்கு மட்டும் திறந்த மதகு!

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்து, கட்சிக்குக் கொடுக்க நினைக்கும் கம்பெனி முதலில் பங்குதாரர்களிடம் வாக்கெடுத்து ஒப்புதல் பெற வேண்டும். சங்கமும் அரசியல் நிதி வைக்க உறுப்பினரிடம் வாக்கெடுக்க வேண்டும். இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல். இங்கே அதைக் கேட்பதற்குப் புரட்சி வேண்டாம். கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். கேட்கும் கட்சி எது என்று பார்ப்போம். நம் தரப்பிலிருந்தே முதற்குரல் எழட்டும்.

அதற்கு முன் உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. தேர்தல் அறக்கட்டளைகளின் அறிக்கையை ஆணையம் வெளியிடுகிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்த தம்பி ஒருவனைப் பிடியுங்கள். உங்கள் ஆலையின் பெயரோ அதன் குழுமத்தின் பெயரோ எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாயிற்கூட்டத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்று, பெயர் பெயராக, தொகை தொகையாக, தமிழில் படியுங்கள். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவன் காதிலும் விழட்டும்; காரில் உள்ளே போகிறவர் காதிலும் விழட்டும்.