கடலையை விற்று மிட்டாய் வாங்கலாமா?

பால், நெய், வெண்ணெய், தேன் எதுவும் சேராத இனிப்புப் பண்டங்களுக்குப் பெருநகரங்களில் இப்பொழுது நல்ல கிராக்கி. 'வீகன்' இனிப்பு என்று பெயர் சூட்டி, பாதாம் பாலும் முந்திரிப் பாலும் ஊற்றிச் செய்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். 1944-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த சொல் இது. பிராணிகளிடமிருந்து கிடைக்கும் எந்தப் பொருளையும் கொள்வதில்லை என்று உறுதி பூண்டவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்தக் கொள்கை சரியா, தவறா என்ற வாதத்திற்குள் நான் புகவில்லை. பண்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது நமக்குப் புதிதல்ல.

அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்து மானாவாரிக் குடும்பங்களில் பலகாரத்தில் ஊற்றும் அளவுக்குப் பால் என்றைக்கும் மிஞ்சியதில்லை. கறந்த பால் விற்பனைக்குப் போகும். ஆகவே கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, அதிரசம், சுசியம் என்று வீட்டில் செய்தவை பெரும்பாலும் பால் படாதவை. முத்தாலம்மனுக்கு இடிக்கும் மாவிளக்கு மாவிலும் அரிசியும் வெல்லமும்தான் (திரிக்கு விடும் நெய்யைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). சேலம், கரூர் பக்கம் ஆடி முதல் நாளில் தேங்காய்க்குள் பாசிப்பயறும் எள்ளும் வெல்லமும் அடைத்துச் சுடுகிறார்கள். அதிலும் பால் இல்லை. பழனிப் பஞ்சாமிர்தம் வேறு வகை. நெய்யும் தேனும் சேர்ந்தால்தான் அது பஞ்சாமிர்தம். அதை யாரும் திருத்த வேண்டியதில்லை.

இன்று என்ன செய்கிறோம்? கடலையைப் பறித்து, சரியாகக் காயும் முன்பே மூட்டை பிடித்து வியாபாரியிடம் போட்டுவிடுகிறோம். கம்பு விதைத்த நிலத்தில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் நிற்கிறது. பண்டிகை வந்தால் திண்டுக்கல் டவுனிலிருந்து வனஸ்பதியில் செய்த இனிப்பை அட்டைப் பெட்டியில் வாங்கி வருகிறோம். கடலை மிட்டாயைக்கூடப் பொட்டலமாகக் கடையில் வாங்குகிற கடலை விவசாயிகள் இருக்கிறார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் இருப்பது முக்கியமாகக் கடலையும் வெல்லமும்தான். கடலை நம் காட்டில் விளைகிறது. வெல்லத்துக்கு, பெயரில் நெய்யை வைத்துக்கொண்டு வெல்லத்தில் பேர்போன நெய்க்காரப்பட்டி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நம்மிடம் குறைவாக இருப்பது பக்குவம் ஒன்றுதான்.

பக்குவம் அடுப்பங்கரையில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது. ஈரத்தோடு குவித்து வைத்த கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சாணம் வளர்ந்து, அப்ளாடாக்ஸின் எனும் நச்சை உண்டாக்கும். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நச்சுதான். வறுத்தால் இது முழுவதும் போய்விடாது. எனவே பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை காயைக் காயப்போடுங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஓட வேண்டும். உடைத்த பிறகு, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது அத்தனையையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம். அந்த நச்சு பாலில் இறங்கும்.

அடுத்தது பாகு. ஒரு கிலோ வறுத்துத் தோல் நீக்கிய பருப்புக்கு அரை முதல் முக்கால் கிலோ வெல்லம் போதும். வெளுத்த மஞ்சள் வெல்லத்தைக் கண்டு மயங்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற இரசாயனத்தைச் சேர்ப்பது உண்டு. கருத்த வெல்லமே மேல். சிறிது நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்சுங்கள். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருள்வது அதிரசப் பதம். அது மிட்டாய்க்கு உதவாது. உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை எழ வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், இரண்டே நாளில் நமுத்துப் போகும். தட்டில் தடவ நெய் தேவையில்லை, கடலை எண்ணெயே போதும்.

நெய் விட்டால்தான் உருண்டை பிடிக்க வரும் என்று தாய்மார்கள் பலர் எண்ணுகிறார்கள். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். வறுத்த கம்பு மாவையும் வறுத்த கடலையையும் வெல்லத்தையும் உரலில் சேர்த்து இடித்தால் அந்த எண்ணெய் வெளிவந்து, நெய் செய்யும் வேலையைத் தானே செய்துவிடும். எள்ளுக்கும் இது பொருந்தும். கம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அரைத்த மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். தானியத்தை வறுத்து அரைத்தால் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் ஒரு வாரத் தேவைக்கு மேல் அரைக்காதீர்கள். தேங்காய்ப் பால் பாயசத்தில் முதல் பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்து போகும்.

பால் மாடு வைத்திருப்பவர், "பாலில்லாப் பண்டத்தை வேளாண் துறைக்காரரே ஆதரிக்கலாமா?" என்று கேட்கக்கூடும். பால் சங்கத்துக்குப் போகட்டும், குழந்தையின் டம்ளருக்குப் போகட்டும். பி-12 வைட்டமின் தாவர உணவில் இல்லை. குழந்தைகளுக்குப் பாலிலிருந்து அது கிடைக்கிறது. பாலை அறவே ஒதுக்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அதற்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சுண்டக் காய்ச்சிச் சர்க்கரையோடு கிளறிவிடும் பாலைத்தான் வீண் என்கிறேன். வெல்லமும் சர்க்கரைதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நீரிழிவு உள்ளவருக்குக் கடலை உருண்டையும் அளவோடுதான்.

இடிப்பதும் கிளறுவதும் பெண்கள் தலையிலேயே விழும் என்ற குறையும் நியாயமானது. கெட்டிப் பாகைக் கிளற நல்ல தோள்பலம் வேண்டும். ஆண்கள் ஒரு கை கொடுக்கலாம்.

மகளிர் குழுவாகச் சேர்ந்து விற்க நினைப்பவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாலில்லை என்பதற்காக உறையில் 'வீகன்' என்று தாமாக அச்சடித்துவிடக் கூடாது. 2022-ம் ஆண்டில் வந்த விதிகளின்படி அந்தச் சொல்லுக்கும் முத்திரைக்கும் தனி அனுமதி தேவை. 'கடலை மிட்டாய்' என்று போட அந்த அனுமதி வேண்டியதில்லை. பயிற்சி பெற விரும்புவோர் காந்திகிராமத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். இந்தப் பட்டத்துக் கடலை களத்துக்கு வந்ததும் நாலு மரக்கால் காயைத் தனியே காயவைத்து, வியாபாரி வருமுன் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.