ஆச்சிக்குப் பாடம் எடுக்கப் பேரன் போதும்

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2022 மே மாதம் ஒரு நல்ல காரியம் நடந்தது. உயர்நிலைப் பள்ளிகளின் 'லிட்டில் கைட்ஸ்' கணினி மன்றப் பிள்ளைகள், அம்மாக்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் வருவது மெய்யா பொய்யா, ஓடிபி கேட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் பாடம். முதல் கட்ட இலக்கே மூன்று லட்சம் அம்மாக்கள்.

2017-ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி கேரளத்தையும் ஆட்டியது, நம்மையும் ஆட்டியது. அதன்பின் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியே பாடமானது. நமக்கோ மறுவருடம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்ற பிறகும் உறைக்கவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்படியொரு ராத்திரியில் 'அணை உடைஞ்சிட்டு' என்று ஒரு குரல்பதிவு வந்தால் என்ன ஆகும்? பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது ஆற்றங்கரை ஆச்சிகளுக்கு மனப்பாடம். பேப்பரில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற ஊர் இது. சரிபார்க்கிற புத்தி இங்கே புதிதில்லை. செல்போனைக் கையில் எடுத்ததும்தான் அதைக் காணோம்.

"ஆச்சி, இதை யாரு சொன்னாவ? எப்ப எடுத்த வீடியோ?" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பேரன் கேட்டால் போதும். மகன் கேட்டால் ரோஷம் வரும். பேரன் கேட்டால் வராது; செல்போனைப் பழக்கிக் கொடுத்தவனே அவன்தானே!

தொண்ணூறுகளில் இதே நெல்லை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அனுபவங்களை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதியிருக்கிறார். ஆக, வழி நமக்குத் தெரிந்ததுதான்.

மேல்நிலைப் பள்ளிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கிராமத்தில் ஏழு நாள் நடக்கிறது. கோயிலைப் பெருக்குகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், நடட்டும். தலைமையாசிரியர்களே, இந்த வருட முகாமில் ஒரு சாயங்காலத்தை மட்டும் ஆச்சிகளின் செல்போனுக்கு ஒதுக்குங்கள்.