ஜோக்: அணை திறந்தால்தான் அருவி

ஜோக் அருவிக்குக் கிளம்புகிறவர்கள் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தால் ஏமாறக்கூடும். பார்க்க வேண்டியது லிங்கனமக்கி அணையின் நீர்மட்டத்தை. கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஷராவதி நதி ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகளாகப் பிரிந்து 830 அடி பள்ளத்தில் விழுகிறது. ஆனால் 1964-ல் மேலே அணை எழும்பிய பிறகு தண்ணீரில் முதல் உரிமை மின்சாரத்துக்குத்தான். ஜூலையில் மழை கொட்டினாலும் நதி அணையில் தேங்கிவிடும். அணைக்குக் கீழே பெய்கிற மழைதான் அருவிக்கு மிச்சம். அதையும் மூடுபனி அடிக்கடி மறைத்துவிடும்.

அணை நிரம்பி மதகுகளைத் திறக்கும் வருடங்களில், பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில், ஜோக் பழைய ஜோக் ஆகிறது. நிரம்பாத வருடங்களில் அந்தக் காட்சி கிடையாது. சாகராவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது நல்லது. மதகு திறந்த செய்தி வந்தபின் தலகுப்பாவுக்கு ரயில் ஏறுவது அதைவிட நல்லது.