அள்ளிய மண்ணுக்கும் ஓரிடம் வேண்டும்

ஊவா மலைகளில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் மண்மேடு சரிந்து வீதி மறிபடுவது வருடாந்தச் செய்தி. செய்தி வந்த சில மணி நேரத்தில் பெக்கோ இயந்திரமும் வந்துவிடுகிறது. கொட்டும் மழையில், இன்னும் சரியக்கூடிய மேட்டின் அடியில் நின்று வேலை செய்யும் அந்தச் சாரதிகளின் துணிச்சலுக்கு மலையகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அள்ளிய மண் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது வீதியின் பள்ளப் பக்கத்தில் கொட்டப்படுகிறது. வாகனம் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகக் கணக்கு மூடப்படுகிறது. இந்த வழக்கம் மாறவேண்டும். சரிந்த மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் மழைக்கு முன்பே குறிக்கப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில் தோட்டப் பாதைகளும் இடம்பெற வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ5 வீதியைப் பாருங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் வெட்டிய மேடு, மறுபக்கம் செங்குத்தான பள்ளம். பெக்கோவின் வாளி மண்ணை அள்ளியதும் கை திரும்புவதற்கு மிகக் கிட்டிய இடம் அந்தப் பள்ளம்தான். அங்கே விழும் மண் இறுகாத மண். அடுத்த மழையில் அது நீரை உறிஞ்சிக் கனத்து, கீழே வழுக்குகிறது. அதில் ஒரு பகுதி மதகின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. மதகு அடைபட்டால் மேட்டுப் பக்கத்துக் கானில் வரும் நீர் வீதியைக் குறுக்கறுத்து ஓடி, மறுபக்கத்து விளிம்பை அரிக்கிறது. மேட்டின் அடிவாரத்தை ஆழமாகத் தோண்டிவிட்டால் மேலே தொங்கி நிற்கும் மண்ணுக்கு இருந்த தாங்கலும் போய்விடுகிறது. ஒரே வளைவில் இரண்டாம் முறையும் மண் சரிவதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பள்ளத்தின் கீழே இருப்பது வெற்றிடமும் அல்ல. லயன் அறைகளும், உருளைக்கிழங்கும் லீக்ஸும் போஞ்சியும் விளையும் தோட்டங்களும், குடிநீர் எடுக்கும் ஓடைகளும் அங்கேதான் இருக்கின்றன. வீதியில் போகிறவரின் ஆபத்தை நீக்குகிறோம் என்று சொல்லி, அதைக் கீழே குடியிருப்பவரின் தலைமேல் இறக்கி வைக்கிறோம். அங்கிருந்து மண் உமா ஓயாவுக்குப் போகிறது. உமா ஓயா மகாவலியில் சேரும் இடத்தில் உள்ள ரன்தம்பை நீர்த்தேக்கம் வண்டல் படிந்து கொள்ளளவை இழந்துவருவது நீண்டகாலமாகப் பேசப்படும் பிரச்சினை. மலைச்சரிவு விவசாயத்தின் பங்கு அதில் பெரிது. அந்தச் சுமையோடு வீதி மண்ணையும் நாமே வாரிக் கொடுக்க வேண்டியதில்லை.

பனி பொழியும் நாடுகளிலும் வீதியை மறிப்பதை அள்ளி ஒதுக்கும் வேலை உண்டு. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் டொரொண்டோவில் எந்த வகை வீதிக்கு எத்தனை சென்டிமீற்றர் பனி விழுந்ததும் வண்டி புறப்பட வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது. மொன்றியல் மாநகரம் வாரிய பனியை லொறிகளில் ஏற்றி, அதற்கென ஒதுக்கிய இடங்களில் கொட்டுகிறது; பழைய கற்குழி ஒன்றும் அதற்குப் பயன்படுகிறது. வெயில் வந்தால் உருகிப்போகும் பனிக்கே அங்கு இடம் ஒதுக்குகிறார்கள். உருகாத மண்ணுக்கு நாம் ஒதுக்கியிருக்கும் இடம் எது?

நோயாளி வண்டியும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிய லொறிகளும் காத்துக் கிடக்கும்போது டிப்பருக்காகக் காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் நாளில் மண்ணை வீதியின் ஒரு பாதிக்கு ஒதுக்கி மறுபாதியைத் திறக்கலாம். மழை ஓய்ந்ததும் ஒதுக்கியதை ஏற்றிச் செல்லலாம். கட்டாயமாக்க வேண்டியது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். செலவு கூடும் என்பதும் உண்மையே. ஆனால் ஒரே இடத்தை மறுபடி மறுபடி அள்ளும் கூலி, உடைந்த மதகு, அரிபட்ட வீதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டிப்பர் கூலி மலிவானது. மலைநாட்டில் சமநிலம் ஏது என்பவர்களுக்கும் பதில் உண்டு. கைவிடப்பட்ட கற்குழிகளும், பயிரிடாமல் விட்ட தேயிலை நிலங்களில் உறுதியான பகுதிகளும் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து சிபாரிசு செய்யும் அறிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது.

அந்த நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளை வைத்தே படிப்படியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மக்கள் வெளியேறுவதற்குப் பயன்படும் அதே அளவுகளை இயந்திரங்களுக்கும் பொருத்தலாம். முதல் எச்சரிக்கை வந்ததும் எந்தப் பெக்கோ எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், மண் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் பிரதேச செயலகத்தில் தயாராக இருந்தால் போதும்.

அந்தப் பட்டியலில் தோட்டப் பாதைகள் கடைசி வரியாகக்கூட இல்லாமல் போகும் அபாயம் உண்டு. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. தோட்டத்துக்குள் போகும் பாதையோ கம்பனிக்கும் பிரதேச சபைக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டங்களுக்குச் செலவு செய்ய முடியாது என்று சபைகள் சொல்லிவந்தன. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டதோடு அந்தச் சாட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது; மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் பிரசவ வேதனையில் இருக்கும் தோட்டப் பெண்ணுக்கு ஏ5 வீதி திறந்திருப்பதால் மட்டும் பயனில்லை. லயத்திலிருந்து அந்த வீதிவரை வரும் பாதையும் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே வெலிமடைப் பிரதேச சபை, வீதி அபிவிருத்தி அதிகாரசபை, பெருந்தோட்டக் கம்பனிகள், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய நான்கும் அடுத்த ஒக்டோபருக்கு முன் ஒரே மேசையில் அமர வேண்டும். மண் கொட்டும் இடங்கள், இயந்திரங்களின் பொறுப்பு, பாதைகளின் வரிசை ஆகிய மூன்றையும் எழுத்தில் முடிவு செய்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒட்ட வேண்டும். மண்சரிவை நிறுத்த நம்மால் முடியாமல் இருக்கலாம். சரிந்த மண்ணை இன்னொருவர் வீட்டின்மேல் தள்ளாமல் இருக்க நம்மால் நிச்சயம் முடியும்.